கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸின் வாழ்வும் விசைப்பலகை எழுத்து வரிசையும்

ஆய்வுச் சுருக்கம்

மேசைக் கணினிகளில் இன்று வழங்கும் ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை, அமெரிக்க அச்சாளரும் இதழாசிரியருமான கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் (1819-1890) உருவாக்கிய தட்டச்சுப்பொறியிலிருந்து தோன்றியதாகும். இவ்வரிசை தட்டச்சரின் வேகத்தைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டது என்னும் கருத்து பரவலாக வழங்கி வருகிறது. இக்கட்டுரை ஷோல்ஸின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கால வரிசையில் எடுத்துரைத்து, அவ்வரிசை உருவான சூழலையும், மேற்கண்ட கருத்தின் வலுவின்மையையும், அவ்வரிசை கணினிக்குள் புகுந்தபின் விளைந்த அமைவுச் சிக்கல்களையும் ஆராய்கிறது. தமிழ் உள்ளீட்டோடு இப்பொருளுக்குள்ள தொடர்பும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தட்டச்சுப்பொறி, விசைப்பலகை, குவெர்ட்டி, ஷோல்ஸ், ரெமிங்டன், விசைக்குறியெண், தமிழ்99, ஒருங்குறி.

முன்னுரை

கணினியில் தமிழைப் பதிவு செய்வோர் எழுத்துருவைப் பற்றியும் குறியேற்றத்தைப் பற்றியும் மிகுதியாக விவாதித்துள்ளனர். அவ்விரண்டிற்கும் முன்னதாக விரல் படும் இடமாகிய விசைப்பலகையின் வரலாறு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. விசைப்பலகையில் எழுத்துகள் ஏன் அகர வரிசையில் இல்லை என்னும் வினா, கணினியை முதன்முதலில் அணுகும் ஒவ்வொருவருக்கும் எழுவது இயல்பு. அதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. பழைய பொறிகளில் அச்சுக்கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டமையால், தட்டுபவரின் வேகத்தைக் குறைக்க எழுத்துகள் வேண்டுமென்றே கலைத்து வைக்கப்பட்டன என்பதே அவ்விடை. பாடநூல்களிலும் பயிற்சி ஏடுகளிலும் இது ஐயமற்ற செய்தியாகவே இடம்பெறுகிறது.

ஷோல்ஸின் வாழ்வை முழுமையாக நோக்கும்போது இவ்விடை பொருந்தாமை புலனாகும். அவர் ஓர் எழுத்து வரிசையைக் கண்டு அதில் நிறைவடைந்தவர் அல்லர். இறுதி வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தவர். அவர் மாற்றிய வரிசைகளுள் ஒன்றே உலகிற்கு நிலையானதாயிற்று. இந்த முரணே இக்கட்டுரையின் மையமாகும்.

பிறப்பும் அச்சுத்தொழிலும்

ஷோல்ஸ் 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் மூர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் அருகிலுள்ள டேன்வில் என்னும் ஊரின் அச்சகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எழுத்துகளைத் தனித்தனி உலோக அச்சுகளாகக் கையில் எடுத்துக் கோத்துப் பழகிய இப்பயிற்சி அவரது பிற்கால முயற்சிகளுக்கு அடிப்படையாயிற்று. அச்சுக்கோப்பாளரின் பெட்டியில் எழுத்துகள் அகர வரிசையில் இருப்பதில்லை. மிகுதியாகப் பயன்படும் எழுத்துகளுக்குப் பெரிய அறைகளும் எளிதில் கைக்கு எட்டும் இடங்களும் ஒதுக்கப்பட்டிருக்கும். எழுத்தின் இடம் அதன் பயன்பாட்டைச் சார்ந்தது என்னும் அறிவு அக்கால அச்சாளர் ஒவ்வொருவருக்கும் கைவந்த ஒன்றாகும். ஷோல்ஸைப் புரிந்துகொள்ள இது நினைவிற்கொள்ளத்தக்கது.

1837இல் அவர் மேற்கே விஸ்கான்சின் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அது மாநிலத் தகுதி பெற்றிருக்கவில்லை. உடன்பிறந்தார் சார்லசும் இதழ்த்தொழிலில் ஈடுபட்டவர். ஷோல்ஸ் சில காலம் அவரோடு பணியாற்றிப் பின்னர் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சவுத்போர்ட் நகரில் செய்தித்தாள் ஒன்றை நடத்தலானார். அந்நகரே பின்னாளில் கெனோஷா எனப் பெயர் பெற்றது. 1841இல் மேரி ஜேன் மெக்கின்னியை மணந்தார். இவர்களுக்குப் பத்து மக்கள் பிறந்தனர்.

பொதுவாழ்வு

தட்டச்சுப்பொறியின் புகழ் ஷோல்ஸின் பொதுவாழ்வை மறைத்துவிட்டது. 1848இல் விஸ்கான்சின் மாநிலமானபோது அதன் மேலவையில் அவர் உறுப்பினரானார். 1852, 1853ஆம் ஆண்டுகளில் கீழவையிலும், 1856, 1857ஆம் ஆண்டுகளில் மீண்டும் மேலவையிலும் இடம்பெற்றார். சனநாயகக் கட்சியில் தொடங்கி, அடிமைமுறை பரவுவதை எதிர்த்த சுதந்திர மண் கட்சிக்கும், அதன் பின்னர்க் குடியரசுக் கட்சிக்கும் அவர் மாறிய பாதை, அக்காலத்து வடமாநிலச் சீர்திருத்தவாதிகள் பலர் சென்ற பாதையே ஆகும்.

அவரது பொதுவாழ்வில் தலையாயது மரண தண்டனை ஒழிப்பு. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெனோஷாவில், மனைவியைக் கொன்ற குற்றத்திற்காக ஜான் மெக்காஃப்ரி என்பவர் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். உயிர் உடனே பிரியவில்லை. நெடுநேரம் துடித்தே அவர் இறந்தார். அந்நகரின் இதழாசிரியராகிய ஷோல்ஸ் இத்தண்டனையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1853இல் கீழவை உறுப்பினராக அதை ஒழிக்கும் சட்டத்திற்காகப் பாடுபட்டார். அவ்வாண்டே அச்சட்டம் நிறைவேறியது. விஸ்கான்சின் மாநில அரசு நிறைவேற்றிய ஒரே மரண தண்டனையாக மெக்காஃப்ரியின் தண்டனை வரலாற்றில் நின்றுவிட்டது. விசைப்பலகையோடு நேரடித் தொடர்பு இல்லாத செய்தியாயினும், நடைமுறையில் உள்ளது என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத மனப்பாங்கை இது காட்டுகிறது. அதே மனப்பாங்கைப் பின்னர் அவரது பொறிப்பணியிலும் காணலாம்.

பின்னர் மில்வாக்கி நகருக்குச் சென்று அங்கும் இதழ்ப்பணி ஆற்றினார். அஞ்சல் தலைவராகவும், துறைமுகச் சுங்க வரி அலுவலராகவும் பொறுப்பேற்றார். அரசுப் பணி தந்த ஓய்வு நேரம் பொறி ஆய்விற்குப் பயன்பட்டது.

எண்ணிடும் பொறியிலிருந்து எழுதும் பொறிக்கு

மில்வாக்கியில் கிளைன்ஸ்டூபர் என்பாரின் இயந்திரப் பட்டறை, புதுமை நாட்டமுடையோர் கூடும் இடமாக இருந்தது. அங்கு ஷோல்ஸ், சாமுவேல் சூல் என்னும் அச்சாளரோடு சேர்ந்து, ஏடுகளின் பக்கங்களுக்கும் சீட்டுகளுக்கும் தொடர் எண் இடும் பொறி ஒன்றை அமைத்து 1866இல் காப்புரிமை பெற்றார். அதே பட்டறையில் உழுபொறி ஒன்றை உருவாக்க முயன்று கொண்டிருந்த கார்லோஸ் கிளிடன் என்னும் வழக்குரைஞர் அதைக் கண்டு, எண்களை அச்சிடும் பொறி எழுத்துகளை ஏன் அச்சிடலாகாது என்னும் எண்ணத்தை எழுப்பினார். 1867 ஜூலையில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஜான் பிராட் என்பாரின் எழுதும் பொறியைப் பற்றி வெளிவந்த கட்டுரை இவ்வெண்ணத்தை மேலும் தூண்டியது.

எழுதும் பொறியை முதலில் எண்ணியவர் ஷோல்ஸ் அல்லர். இங்கிலாந்தில் ஹென்றி மில் 1714இலேயே அத்தகைய பொறிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளில் பலர் முயன்றுள்ளனர். ஷோல்ஸின் தனிச்சிறப்பு, வணிக அளவில் தொடர்ந்து உற்பத்தியாகிப் பயன்பாட்டில் நிலைத்த பொறி அவர் முயற்சியில் விளைந்தது என்பதே.

அவர் செய்த முதல் சோதனை மிக எளியது. தந்திக் கருவியின் விசை ஒன்றைக் கொண்டு ஒரே ஓர் எழுத்தை மட்டும் அச்சிடும் மாதிரியை அமைத்துப் பார்த்தார். அது வெற்றி பெறவே, எல்லா எழுத்துகளுக்குமான பொறி 1867இல் உருவாயிற்று. ஷோல்ஸ், கிளிடன், சூல் ஆகிய மூவர் பெயரில் 1868 ஜூன் 23ஆம் நாள் 79,265ஆம் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் விசைகள் பியானோ இசைக்கருவியின் கட்டைகளை ஒத்து இரு வரிசைகளாக அமைந்திருந்தன. எழுத்துகள் பெரும்பாலும் அகர வரிசையிலேயே நின்றன. சுழியத்திற்கும் ஒன்றிற்கும் தனி விசைகள் வைக்கப்படவில்லை. வடிவ ஒப்புமையால் ஓ, ஐ ஆகிய எழுத்துகளே அவற்றிற்குப் பயன்பட்டன. விசைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் அவர் காட்டிய சிக்கனம் இதனால் விளங்கும்.

டென்ஸ்மோரும் திருத்தப் படலமும்

இப்பொறியின் வரலாற்றில் ஜேம்ஸ் டென்ஸ்மோர் இன்றியமையாத இடம் பெறுகிறார். முன்னாள் இதழாசிரியரான இவர், செய்த செலவை ஏற்றுக்கொண்டு உரிமையில் நான்கில் ஒரு பங்கைப் பெற்றார். சூல் விரைவில் விலகினார். கிளிடனும் பொறி வளர்ச்சியில் முன்னிற்கவில்லை. இயல்பில் மென்மையானவரும் எளிதில் சோர்வடைபவருமான ஷோல்ஸும், வன்மையும் பிடிவாதமும் உடைய டென்ஸ்மோரும் இணைந்தே அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகளை உருவாக்கினர். மத்தியாஸ் ஷ்வால்பாக் என்னும் கடிகார வினைஞர் பட்டறைப் பணியில் துணை நின்றார்.

மாதிரிகளை அன்றாடம் பயன்படுத்துவோரிடம் கொடுத்துச் சோதிப்பதில் டென்ஸ்மோர் உறுதியாக இருந்தார். வாஷிங்டன் நகரின் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஜேம்ஸ் கிளெஃபேன் அவர்களுள் முதன்மையானவர். அனுப்பிய பொறிகளை அவர் கடுமையாக இயக்கிப் பழுதாக்கிக் குறைகளைத் தயக்கமின்றித் தெரிவித்தார். சிக்காகோவில் தந்திப் பயிற்சிப் பள்ளி நடத்திய எட்வர்டு பேசன் போர்ட்டரும் பொறியைச் சோதித்தவர். வேகமாகச் செய்தியைப் பெற்று எழுத வேண்டியவர்களே இப்பொறியின் முதல் பயனாளர்கள் என்பது இவற்றால் தெளிவாகிறது.

இக்காலத்தில்தான் எழுத்து வரிசை மாறியது. இரு வரிசை விசைகள் நான்கு வரிசைகளாயின. அகர வரிசை படிப்படியாகக் குலைந்தது. 1872 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வெளிவந்த படத்தில் இன்றைய வரிசைக்கு மிக நெருங்கிய அமைப்பைக் காண்கிறோம். பழைய அகர வரிசையின் எச்சம் இன்றும் நடு வரிசையில் உள்ளது. எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்னும் எழுத்துகள் இடையில் ஐ மட்டும் நீங்கி, வரிசை மாறாமல் நிற்பதை எவரும் தம் விசைப்பலகையில் நோக்கி அறியலாம். ஒரு மொழியின் பழஞ்சொல் வடிவம் பிற்கால வழக்கில் எச்சமாக நிற்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

வேகக்குறைப்புக் கருத்தின் மதிப்பீடு

இவ்வரிசைக்கான காரணங்களை ஷோல்ஸ் முறைப்பட எழுதிவைத்த ஆவணம் எதுவும் ஆய்வாளருக்குக் கிட்டவில்லை. எனவே காரணம் பற்றிய கருத்துகள் அனைத்தும் ஊகத்தின்பாற்பட்டவையே. அவற்றுள் இரண்டு கருதத்தக்கவை.

முதலாவது, கம்பிச்சிக்கல் பற்றியது. ஷோல்ஸின் பொறியில் எழுத்துகளைத் தாங்கிய கம்பிகள் வட்டமாகத் தொங்கின. விசையை அழுத்தும்போது கம்பி கீழிருந்து மேலெழுந்து தாளைத் தாக்கியது. அடுத்தடுத்த கம்பிகள் விரைந்து எழுந்தால் மோதிச் சிக்கின. ஆகவே அடிக்கடி இணைந்து வரும் எழுத்துகளின் கம்பிகளைப் பிரித்து வைத்தனர் என்பர். இக்கருத்தை ஏற்றாலும் அதன் நோக்கம் வேகத்தைக் குறைப்பதாகாது. தடையின்றி விரைந்து தட்டுவதற்கு வழி செய்வதே ஆகும். மேலும், ஆங்கிலத்தில் மிகுதியாக இணைந்து வரும் ஈ, ஆர் ஆகிய எழுத்துகள் விசைப்பலகையில் அருகருகே உள்ளமை, கம்பிச்சிக்கலை மட்டுமே காரணமாகக் கொள்வதற்குத் தடையாகிறது.

இரண்டாவது, தந்தியாளர் தேவை பற்றியது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான யாசுவோக்கா இணையர் 2011இல் இதனை வலியுறுத்தினர். அமெரிக்க மோர்ஸ் குறியீட்டில் இசட் என்னும் எழுத்திற்குரிய ஒலி, எஸ், ஈ ஆகிய இரண்டும் சேர்ந்து வரும் ஒலியோடு மயங்கக்கூடியது. கேட்டவாறே எழுதும் தந்தியாளர் அடுத்த எழுத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தமையால், அம்மூன்று எழுத்துகளும் அருகருகே வைக்கப்பட்டன என்பது அவர்கள் தரும் சான்றுகளுள் ஒன்று.

இவ்விரு கருத்துகளுள் எதை ஏற்பினும், தட்டுபவரை மந்தப்படுத்துவது நோக்கமன்று என்பது உறுதியாகிறது. காலச் சூழலும் இதனையே காட்டும். 1870களின் தொடக்கத்தில் பத்து விரல்களால் பாராமல் தட்டும் முறை வழக்கில் இல்லை. கையெழுத்தின் வேகத்தை விஞ்ச வேண்டும் என்பதே கண்டுபிடிப்பாளரின் குறிக்கோள். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரிடம் சோதனைக்குப் பொறியை அனுப்பியவர்கள், அதை வேண்டுமென்றே மெதுவாக்கினர் எனக் கொள்வது முரணாகும்.

ரெமிங்டன் ஒப்பந்தமும் வரிசையின் உறைவும்

1873 மார்ச்சு 1ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரிலிருந்த ரெமிங்டன் நிறுவனத்தோடு உற்பத்தி ஒப்பந்தம் ஏற்பட்டது. துப்பாக்கி உற்பத்தியில் பெயர்பெற்ற அந்நிறுவனம் உள்நாட்டுப் போர் முடிந்தபின் வேறு பொருள்களை நாடியிருந்தது. தையல் பொறிகளையும் உருவாக்கி வந்தது. 1874இல் விற்பனைக்கு வந்த பொறியின் தோற்றமே இதற்குச் சான்று. பூவேலைப்பாடு தீட்டிய உடலும், தையல் பொறியினுடையதை ஒத்த தாங்கியும், தாளேந்தியைத் திருப்ப ஒரு மிதியும் அதற்கு இருந்தன. விலை 125 டாலர். பேரெழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. கம்பிகள் தாளின் அடிப்புறத்தைத் தாக்கியமையால் தட்டிய எழுத்தை உடனே காணவும் இயலாது. விற்பனை மந்தமாகவே இருந்தது.

ஷோல்ஸ் தம் உரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிட்டார். டென்ஸ்மோர் விற்பனைப் பங்கைத் தேர்ந்து பின்னாளில் பெரும்பொருள் ஈட்டினார். உரிமையை இழந்தபோதும் ஷோல்ஸ் ஆய்வைக் கைவிடவில்லை. 1878 ஆகஸ்டு 27இல் அவர் பெற்ற 207,559ஆம் எண் காப்புரிமையில் குவெர்ட்டி எனத் தொடங்கும் மேல்வரிசை தெளிவாக இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது இன்றைய பலகைக்கு முற்றிலும் ஒத்ததன்று. எம் என்னும் எழுத்து கீழ்வரிசையில் என் எழுத்தை அடுத்து நில்லாமல், நடு வரிசையில் எல் எழுத்தை அடுத்து நின்றது. சி, எக்ஸ் ஆகியவை இடம் மாறியிருந்தன. அவை பின்னரே இன்றைய இடங்களைப் பெற்றன. ஆகவே குவெர்ட்டி வரிசை ஒருவரால் ஒரே நாளில் வகுக்கப்பட்டதென்பதும் பொருந்தாது.

அதே 1878இல் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் பொறி, பைரன் புரூக்ஸ் கண்ட முறையைக் கையாண்டு ஒரே கம்பியில் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் அமைத்தது. ஒரு விசையை அழுத்தினால் தாளேந்தி சற்றே நகர்ந்து மற்றோர் எழுத்து தாளில் படும். இன்றைய கணினி விசைப்பலகையில் எதுவும் நகர்வதில்லை. எனினும் நகர்த்துதல் எனப் பொருள்படும் ஷிஃப்ட் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. சொல் பொருளை இழந்தபின்னும் வழக்கில் நிலைபெறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1888 ஜூலை 25இல் சின்சினாட்டி நகரில் நடந்த தட்டச்சுப் போட்டியில், ரெமிங்டன் பொறியைப் பாராமல் தட்டிய ஃபிராங்க் மெக்குரின், வேறு அமைவுடைய கேலிகிராஃப் பொறியில் தட்டிய லூயி டிராபை வென்றார். வெற்றி முறைக்குரியதா, வரிசைக்குரியதா எனப் பிரித்தறிவது கடினம்; ஆயினும் அது ரெமிங்டன் வரிசையின் புகழை உயர்த்தியது. 1893இல் முதன்மை நிறுவனங்கள் ஐந்து ஒன்றிணைந்து அவ்வரிசையையே பொதுவாக ஏற்றன. பயிற்சிப் பள்ளிகள் அதைக் கற்பித்தன. கற்றவர் மிகுந்தமையால் நிறுவனங்கள் அவ்வரிசைப் பொறியையே வாங்கின. அப்பொறியே எங்கும் இருந்தமையால் புதியவர்களும் அதையே கற்றனர்.

இறுதிக்காலம்

ஷோல்ஸின் இறுதி ஆண்டுகள் என்புருக்கி நோயோடு கழிந்தன. படுக்கையில் இருந்த நாள்களிலும் புதிய மாதிரிகளை வரைந்தார். தம் பொறி பெண்களுக்கு அலுவலகக் கதவைத் திறந்துவிட்டது என்பதில் அவர் பெருமகிழ்ச்சி கொண்டிருந்தார். மகள் லிலியன் பொறியின் முன் அமர்ந்திருக்கும் 1872ஆம் ஆண்டுப் படம் அவ்வரலாற்றின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. 1890 பிப்ரவரி 17ஆம் நாள் மில்வாக்கியில் அவர் காலமானார்.

அவர் 1889இல் விண்ணப்பித்த ஒரு காப்புரிமை, மறைவிற்கு ஆறாண்டுகள் கழித்து 1896இல் 568,630ஆம் எண்ணோடு வழங்கப்பட்டது. அதில் காணும் எழுத்து வரிசை குவெர்ட்டியிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தாம் முன்பு வகுத்ததை இறுதி வரை அவர் முடிந்த முடிபாகக் கருதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. அந்த ஆண்டிற்குள் குவெர்ட்டியோ ஐந்து நிறுவனங்களின் பொதுவரிசையாகிவிட்டது.

பின்னாளில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் துவோரக் எழுத்துகளின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஆராய்ந்து வகுத்த வரிசை 1936இல் காப்புரிமை பெற்றது. எனினும் பரவலாக வழங்கவில்லை. பொருளியல் அறிஞர் பால் டேவிட் 1985இல், தொடக்கத் தற்செயல்கள் பின்வரும் தேர்வுகளைப் பிணித்துவிடுவதற்கு இதனைச் சான்றாக்கினார். லைபோவிட்ஸ், மார்கோலிஸ் ஆகியோர் 1990இல் துவோரக் வரிசையின் மேன்மைக்குக் காட்டப்படும் சான்றுகள் வலுவற்றவை என மறுத்தனர். இவ்விவாதம் வரிசையின் தரத்தைப் பற்றியதேயன்றி, அதன் நிலைபேற்றைப் பற்றியதன்று. நிலைபேற்றை இரு சாராரும் ஒப்புகின்றனர்.

கணினியில் வரிசையும் இடமும்

ஷோல்ஸின் பொறியில் விசையின் இடமும் எழுத்தும் ஒன்றே. விசையோடு கம்பியும், கம்பியோடு எழுத்தும் பிணைந்திருந்தன. கணினி இப்பிணைப்பை அறுத்துவிட்டது. விசையை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது எழுத்தன்று. விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணேயாகும். இயக்குதளத்தில் உள்ள ஓர் அமைவு அட்டவணை அவ்வெண்ணை எழுத்தாக மாற்றுகிறது. ஆகவே வரிசையை மாற்ற இரும்பை அறுக்கவேண்டியதில்லை. அட்டவணையை மாற்றினால் போதும். ஷோல்ஸ் ஒவ்வொரு முறையும் புதிய மாதிரியைச் செய்து அடைந்ததை இன்று எவரும் நொடியில் அடையலாம்.

ஆயினும் பழைய வரிசை கணினியின் உள்ளேயும் புகுந்துள்ளது. ஐபிஎம் தனியாள் கணினி மரபில் மேல்வரிசையின் பத்து எழுத்து விசைகள் இடமிருந்து வலமாக 16 முதல் 25 வரை எண்ணிடப்பட்டன. பின்வந்த யுஎஸ்பி தரத்தில், விசைகளின் எண்கள் அமெரிக்கப் பலகையில் அவ்விடங்களில் உள்ள எழுத்துகளின் பெயரால் வழங்குகின்றன. பிரெஞ்சுப் பலகையில் ஏ என்று பொறித்த விசை, அமெரிக்கப் பலகையில் க்யூ உள்ள இடத்தில் இருப்பதால், கணினிக்குக் க்யூவின் எண்ணையே அனுப்புகிறது. பிரெஞ்சு அட்டவணை அதை ஏ ஆக்குகிறது. விசையின் முகப்பில் எது பொறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கணினி பொதுவாக அறிவதில்லை, பயனாளரே அறிவிக்கவேண்டும்.

மேசைக் கணினிகளில் எழும் அமைவுச் சிக்கல்கள் பெரும்பாலானவற்றிற்கு இதுவே வேர். உள்நுழைவுத் திரைக்கு ஓர் அட்டவணையும், நுழைந்தபின் பயனாளருக்கு வேறோர் அட்டவணையும் அமைந்திருப்பின் கடவுச்சொல் ஏற்கப்படாது. ஜெர்மன் பலகையில் ஒய், இசட் ஆகியன அமெரிக்கப் பலகையோடு இடம் மாறியிருப்பதால், அவற்றுள் ஒன்றைக் கொண்ட கடவுச்சொல் புள்ளிகளாகவே தோன்றும் திரையில் தவறு வெளிப்படாமலே போகும். லினக்ஸ் இயக்குதளத்தில் எழுத்துமுனையத்தின் அமைவும் வரைகலைத் திரையின் அமைவும் தனித்தனியே பேணப்படுவதால் ஒன்றைத் திருத்தியபின்னும் மற்றொன்று பழைய நிலையில் நிற்கலாம். தொலைக் கணினியொன்றில் பணியாற்றும்போது இரு கணினிகளின் அட்டவணைகளும் குறுக்கிட்டு எழுத்து பிறழ்வதுண்டு. மீட்டல், வெட்டல், நகலெடுத்தல், ஒட்டல் ஆகியவற்றிற்குரிய குறுக்குவிசைகள் நான்கும் குவெர்ட்டியின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து அமைந்தவை. துவோரக் வரிசைக்கு மாறினால் அவை சிதறுகின்றன. கட்டளை விசையை அழுத்தியிருக்கும்போது மட்டும் குவெர்ட்டிக்குத் திரும்பும் துவோரக் அமைவு ஒன்றை மேக் இயக்குதளம் வழங்குவது இதனாலேயே.

தமிழ் உள்ளீட்டோடு தொடர்பு

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது, ஆங்கிலத்திற்கென வளர்ந்த பொறியமைப்பிலேயே 247 எழுத்துகளுக்கும் வழி காணவேண்டியிருந்தது. அம்மரபில் வந்த தட்டச்சுமுறையில் கொம்புக்குறி கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி மெய்க்கு முன்னர்த் தட்டப்படுகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைவோ உயிரை இடப்புறத்தும் மெய்யை வலப்புறத்தும் வைத்து, ஒலி வரிசைப்படி மெய்க்குப்பின் உயிரைத் தட்டச் செய்கிறது. ரோமன் எழுத்துவழித் தமிழைத் தட்டுவோர் ஷோல்ஸின் வரிசையிலேயே தமிழ் எழுதுகின்றனர்.

ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி பதியப்படும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒற்றைக் குறியாகவும், இரு குறிகளின் சேர்க்கையாகவும் பதிய இயலும். இரண்டும் திரையில் ஒன்றாகவே தோன்றும். உள்ளீட்டு மென்பொருள் எதைப் பதிகிறது என்பதைப் பொறுத்து ஒரே சொல் இருவேறு குறிவரிசைகளாகச் சேமிக்கப்படலாம். இயல்பாக்கம் செய்யாத தொகுப்பில் சொல்லைத் தேடினால் ஒரு பகுதி அகப்படாது, சொல்லெண்ணிக்கையும் பிழையாகும். சொல்லடைவும் தொடரடைவும் உருவாக்குவோர் மூலத்தரவு எந்த உள்ளீட்டு முறையில் பதியப்பட்டது என்பதைக் குறித்து வைத்தலும், ஆய்விற்கு முன் குறிவரிசையை ஒருமைப்படுத்தலும் இன்றியமையாதன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. குவெர்ட்டி வரிசை வேகத்தைக் குறைக்க வகுக்கப்பட்டது என்னும் கருத்து ஷோல்ஸின் வாழ்வோடும் காலச் சூழலோடும் பொருந்தவில்லை. அது பலரது சோதனைகளாலும் திருத்தங்களாலும் படிப்படியாக உருவானது. அதை நிலைநிறுத்தியது கண்டுபிடிப்பாளரின் முடிவன்று. ஒருங்கிணைந்த உற்பத்தியும் பயிற்சியும் ஆகும். கணினியில் இடமும் எழுத்தும் பிரிந்தபின்னரும் பழைய வரிசை குறியெண்ணிலும் குறுக்குவிசையிலும் தொடர்வதே இன்றைய அமைவுச் சிக்கல்களின் பின்னணி.

தூக்குமரத்தை மாற்றவியலாத வழக்கமாகக் கொள்ளாத ஷோல்ஸ், தம் விசை வரிசையையும் அவ்வாறு கொள்ளவில்லை. அவர் இடைக்காலத்தில் எட்டிய ஒரு நிலையையே பின்வந்தோர் இறுதியெனக் கொண்டனர். தமிழ் உள்ளீட்டு முறைகளை மதிப்பிடுவோர்க்கு இது ஒரு படிப்பினை. பரவிய அமைவே சிறந்த அமைவு எனக் கொள்ளாமல், மொழியின் எழுத்தியல்பையும் பயனாளரின் தேவையையும் அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும். அத்தகைய அளவீட்டு ஆய்வுகள் தமிழில் மேலும் நிகழ்தல் இன்றைய தேவையாகும்.